தங்கச்சியின் தலைப்பிரசவமும் ஒரு டிரான்ஸ்ஃபர் லெட்டரும்

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் கர்ப்பிணியை வளைகாப்பு முடித்துக் கூட்டி வருவதற்கு முன்னால், மருந்து வாங்கும் மையத்தை மாற்றிக்கொள்ள ஒரு காகிதம் வாங்க வேண்டும் என்று எங்களுக்கு எந்த மகராசனும் சொல்லவில்லை.

முதல் செக்கப்பில், அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்தபோதுதான் தங்கச்சிக்குத் தெரிய வந்தது. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பினார்கள், ராத்திரிக்கு ஒரு மாத்திரை. வீட்டுக்காரருக்கும் பாசிட்டிவ், அவருக்கும் அதே மாத்திரை. அதுவரை ஒரு குறையும் இல்லை. அவர்களுக்குள் நடந்த சண்டையை இங்கே எழுதப்போவதில்லை.

ஏழாம் மாதம் எங்கள் ஊருக்கு வந்தாள். மாத்திரை தீரப்போகிறதே என்று இங்குள்ள மையத்துக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர், சிகிச்சை விவரமெல்லாம் எழுதியிருக்கும் பச்சைப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "டிரான்ஸ்ஃபர் லெட்டர் எங்கே? அங்கேயே போய் வாங்கிட்டு வாங்க." இந்த வயிற்றோடு ராத்திரி பஸ்ஸில் எப்படிப் போவாள் என்றேன். அதற்கு நான் என்ன செய்யட்டும் என்றார். மறுபடி போனபோது ஆலோசகர் அம்மா இருந்தார். புத்தகத்தைப் புரட்டினார், வெளியூர்க்காரர் என்று பதிந்து ஒரு மாத மாத்திரை கொடுத்தார், பழைய மையத்துக்குப் போன் போட்டார். லெட்டரைத் தங்கச்சி வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு போனில் முடிகிற வேலை!

நான் பதறியதற்குக் காரணம் மாத்திரை மட்டும் இல்லை. 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். 1000-க்குக் கீழே இருந்தால் குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க ஒரு சிரப், தாண்டினால் கூடுதல் மருந்து. பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டி வரும் சமயமும் அந்த வாரங்களும் சரியாக மோதிக்கொள்கின்றன. அதனால் வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே லெட்டரையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்களுக்கு எப்படியோ தேதிக்குள் எடுத்துவிட்டார்கள். 1000-க்குக் கீழேதான் வந்தது.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் இழுத்தடித்தோம். கடைசியில் சேனைதான் முடிவு செய்தது. பிறந்ததும் யார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது என்று அம்மா அதற்குள் பெரியப்பாவைப் பேசி வைத்திருந்தார். தாய்ப்பால் என்று முடிவெடுத்தால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், இடையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது, கலந்து கொடுத்தால்தான் தொற்று அபாயம் கூடும் என்று ஆலோசகர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரணம் தெரியாத பாட்டியை எத்தனை நாள் தடுக்க முடியும்?

தங்கச்சியைக் கேட்டேன். அவள் சம்மதம் இல்லாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. "சொல்லிடுக்கா, ஆனா அந்த மேடம் இருக்கும்போது சொல்லு" என்றாள். மையத்திலேயே உட்கார வைத்துச் சொன்னோம். அம்மா அழவில்லை. "துணியைத் தனியா துவைக்கணுமா?" என்றார். வேண்டாம், தட்டு டம்ளரும் தனியாக வேண்டாம் என்றார் ஆலோசகர். அவ்வளவுதான், அன்று முதல் ஒன்பது மணி மாத்திரை அம்மாவின் பொறுப்பு. சீரியலில் விளம்பரம் வந்ததும் தண்ணீர்ச் சொம்போடு போய் நிற்பார். பெரியப்பாவிடம், "டாக்டர் சேனை வைக்கக் கூடாதுன்னுட்டார்" என்று முடித்துவிட்டார். நாங்கள் சொல்லியிருந்தால் வீட்டில் ரகளையே நடந்திருக்கும்.

பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. வார்டில்தான் கோளாறு. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எச்.ஐ.வி. என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமியார் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்! நர்ஸிடம் கேட்டால், "எங்க சேஃப்டிக்கும்மா." 2017-ல் போட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிற எச்.ஐ.வி. சட்டப்படி இப்படி ஊருக்குக் காட்டக் கூடாது. 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நான் சத்தம் போடவில்லை. "இங்க புகார் அலுவலர் யாருங்க சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் ஷீட் ஃபைலுக்குள் போய்விட்டது. இந்தக் கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் குழந்தையின் ரத்தச் சோதனை. ஆறாவது வாரம், தடுப்பூசியும் அப்போதுதான். ஊசி போட்டாயிற்று, ரத்தம் எடுக்க வந்தால் டெக்னீஷியன் லீவு. பச்சைக் குழந்தையோடு வெயிலில் திரும்பினோம். அடுத்த முறை போன் போட்டு, ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகே ஆட்டோ பிடித்தோம். குதிகாலில் குத்தி, அட்டையில் இருக்கிற ஐந்து வட்டங்களிலும் சொட்டு விடுகிறார்கள். வட்டம் முழுதும் நனைய வேண்டுமாம். மூன்றாவது வட்டம் பாதியில் நின்றுவிட, குழந்தை வீறிட, அம்மா டெக்னீஷியனை முறைக்க, ஒருவழியாக முடிந்தது.

ரிசல்ட் நெகட்டிவ். தங்கச்சி அந்தத் தாளை என் கையில் கொடுக்கவே இல்லை. ஆனால் இதோடு விட்டுவிடக் கூடாது. ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், கடைசியாக 18 மாதத்தில் என்று இன்னும் சோதனைகள் இருக்கின்றன. வேறு கிருமிகள் தொற்றாமல் இருக்க ஆறாம் வாரத்தில் ஆரம்பித்த கோட்ரைமாக்சசோல் சிரப்பையும் அவர்கள் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் பேசுங்கள், இலவசம்தான்.