கச்சான் மாதக் குறிப்புகள்

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. ஒன்றாம் வகுப்பு அழுகை பதினொரு மணிக்குத்தான் ஓய்ந்தது. பாடப்புத்தகம், நோட்டு எல்லாம் கொடுத்து முடித்து, மூன்று மணிக்கு மேல்தான் பீரோ பக்கம் போக முடிந்தது. ஏப்ரலில் பூட்டியது. கீல் இறுகிப்போய்க் கதவு அசையவே இல்லை. சத்துணவு அக்கா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டார். திறந்ததும் உப்பும் பூஞ்சையும் கலந்த அந்த வாடை. மேல்தட்டில் அரசு கொடுத்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள். ஒன்றை எடுத்தேன், அட்டை கையோடு வந்தது, உள்தாள் தட்டிலேயே கிடந்தது. அத்தனையும் ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகங்கள். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தெருதான், பின் துருப்பிடித்து, சுற்றிலும் தாள் பழுப்பேறி, இற்று ஓட்டை விழுந்துவிட்டது. சிலதில் பின் இருந்த இடத்தில் பொடிதான் இருக்கிறது.

எழுத்தும் படமும் ஒன்றும் ஆகவில்லை. தைத்தால் போதும்.

ஜூன் 3, செவ்வாய்

இடமாறுதல் லிஸ்ட் வரவில்லை. இரவெல்லாம் கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று.

ஜூன் 4, புதன்

மதியத்துக்கு மேல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாய் விரித்துத் தரம் பிரித்தோம். நுழை, நட, ஓடு, பற, எளிதிலிருந்து கடினம் வரை நாலு நிலை, நாலு குவியல். "பற" குவியல்தான் புதுசு மாறாமல் இருக்கிறது, யாரும் தொடவே இல்லை. "நுழை" எல்லாம் கிழிசல். அப்படியென்றால் சின்னதுகள்தான் வாசித்திருக்கிறார்கள், பெரியவர்கள் வாசிக்கவில்லை. இதை எந்தப் படிவத்திலும் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் எனக்கு இந்த வருஷம் என்ன செய்ய வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது. நாலாம், ஐந்தாம் வகுப்பைப் பிடிக்க வேண்டும்.

கீழ்த்தட்டில் பழைய புத்தகப் பூங்கொத்துத் திட்டக் காலத்துப் புத்தகங்கள் கொஞ்சம், ஊஞ்சல் சிறார் இதழ்கள், ஒரு கட்டு யாரும் பிரிக்காத கையேடுகள். இராமபாணப் பூச்சி கையேடுகளைத்தான் அதிகம் தின்றிருக்கிறது. கடையில் வசம்பு வாங்க வேண்டும், தட்டுக்கு இரண்டு துண்டு. நூல் வாங்க வேண்டும். கிளிப் வாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

இன்றைக்கு முழுக்கச் சாவியைப் பற்றித்தான் பேச்சு. ஹெச்.எம். டீச்சருக்கு என் மேல் கோபம் இல்லை, பயம். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தால் போய்விடும், போனால் இருப்புப் பதிவேட்டில் இடிக்கும், இடித்தால் தணிக்கையில் கேட்பார்கள், அவருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான், எங்கேயோ யாருக்கோ பத்துப் புத்தகக் கணக்கில் பணப்பலன் நின்றுபோன கதை ஒன்றை எப்போதும் சொல்வார். "படிக்கட்டும் டீச்சர், இங்க உக்காந்து படிக்கட்டும், நாலு மணிக்கு வாங்கிப் பூட்டிருங்க" என்கிறார். அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் நாலு மணி வரைக்கும் எங்கே நேரம்? எண்ணும் எழுத்தும் செயல்பாடு, பயிற்சி நூல், மதிப்பீடு, ஆப்பில் பதிவு. பிள்ளைக்கு ஒரு கதை மனதில் நிற்க வேண்டும் என்றால் அதை அவசரமில்லாமல் இரண்டு மூன்று தடவை புரட்ட வேண்டும், படுத்துக்கொண்டு பார்க்க வேண்டும், தம்பிக்குப் படம் காட்ட வேண்டும். அதெல்லாம் வீட்டில்தான் நடக்கும்.

சீர்காழி ரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதி எழுதினார், 1931-ல். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போன மனிதர். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்ததைப் பற்றியும் அந்த விதியை விளக்கும்போது எழுதியிருக்கிறார். இதை ஹெச்.எம். டீச்சரிடம் சொன்னேன். அவர், "சங்கிலி போட்டா ஒண்ணும் தொலையாதுல்ல" என்றார். உண்மையாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை, ஆனால் பதில் இருக்கிறது, நாளைக்குச் சொல்வேன். தொலையாமல் இருப்பதற்காகவா அரசாங்கம் இதை அச்சடித்து இவ்வளவு தூரம் அனுப்பியது?

ஜூன் 7, சனி

பக்ரீத். பக்கத்து வீட்டில் பிரியாணி கொடுத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்தேன். ஒரு புத்தகத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. இந்தக் கணக்கில் தீபாவளி வந்துவிடும்.

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு நல்ல நாள்.

மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பா டி.சி. விஷயமாக வந்தவர், நான் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது, வலை வேலையெல்லாம் முடித்துவிட்டாராம், கை சும்மா இருக்கிறதாம். "பருத்தி நூல் வேணாம் டீச்சர், இந்தக் காத்துக்கு ஒரு வருசத்துல இத்துப்போகும்" என்றார். நைலான் போடலாமா என்றேன். மெல்லிசாகப் போட்டால் தாளை அறுத்துவிடும், முறுக்கு நூல்தான் சரி என்று சொல்லிப் போய், வலைக்குப் போடும் நூலில் மிச்சம் இருந்த ஒரு உருண்டையோடு வந்தார். மடிப்பில் முதலில் ஒரு துணிப்பட்டை ஒட்டச் சொன்னார். அதன்மேல் மூன்று ஓட்டை, நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே இழுத்து, மேலே போய், கீழே போய், திரும்ப நடுவுக்கே வந்து, போட்டார் பாருங்கள் ஒரு முடிச்சு, நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. விரலெல்லாம் கயிறு இழுத்துக் காய்ப்பு ஏறிய கை, அந்த மெல்லிய தாளை ஓரம் மடங்காமல் பிடிக்கிறது. மணி அடிக்கும்போது பார்த்தால் ஒரு குவியலே முடிந்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். காசு என்று பேச்செடுத்தேன், முகம் மாறிவிட்டது, விட்டுவிட்டேன்.

பசைக்கு மைதா காய்ச்சலாம் என்றார் சத்துணவு அக்கா. மைதா என்றால் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட வேண்டும், துத்தம் விஷம், பிள்ளைகள் எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். ஃபெவிகால் போதும்.

ஜூன் 11, புதன்

ஹெச்.எம். டீச்சர் ஒத்துக்கொண்டார்! புதன் கொடுத்து திங்கள் வாங்க வேண்டும், ஆளுக்கு ஒன்று, கையெழுத்து வேண்டும்.

ஒன்றாம் வகுப்புக்குக் கையெழுத்து ஏது? ஆளுக்கு ஒரு படம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நண்டு, நட்சத்திரம், படகு, வெறும் வட்டம். ஒருத்தி பூ போட்டாள், அடுத்தவளும் அதே பூவைப் போடவும் சண்டை. கடைசியில் ஒரு பூவுக்குக் காம்பு, இன்னொன்றுக்குக் காம்பு இல்லை.

வராந்தாவில் கயிறு கட்டி, அட்டை முன்பக்கம் தெரிகிற மாதிரி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். முதுகு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கினால் இந்த மெல்லிசுப் புத்தகத்தில் எந்தப் பிள்ளைக்கும் எதுவும் தெரியாது. காற்றுதான் எதிரி, இரண்டு தடவை மொத்தக் கயிறும் சுருண்டுகொண்டது. வடக்குப் பக்கம் மாற்றினேன்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண், போன வருஷம் முழுக்க வாய் திறக்காதவள், கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே போனாள். பெல் அடித்தும் போகவில்லை. கடைசியில் ஆமைப் புத்தகம். அது "பற" குவியல்! பெரிதாய் இருக்குமே, வேறு எடுக்கிறாயா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

லிஸ்ட் வரவில்லை. போன வருஷமும் இப்படித்தான். அம்மா போனில், "இந்தத் தடவையாவது பக்கத்துல வந்துருவியா" என்கிறாள். போனால் பீரோ சாவி யார் கையில் போகும் என்று யோசித்துக்கொண்டே பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். சாயங்காலம் கரைக்குப் போனேன். ஐஸ் வண்டி, டீசல் கேன், புதுப் பெயின்ட், பூ மாலை. பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். தைத்துக் கொடுத்த அண்ணன் தூரத்திலிருந்து கை காட்டினார். இனி அவர் வர முடியாது, பாதிப் புத்தகம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

வருகை குறைவு. வந்ததும் தூங்கி வழிகிறது. ஆனால் புத்தகம், ஒன்று விடாமல் எல்லாம் திரும்பி வந்தது! ஒன்றில் மீன் செதில் ஒட்டியிருந்தது, துடைத்தேன், போய்விட்டது. ஹெச்.எம். டீச்சர் தானே நின்று எண்ணினார்.

ஆமைப் புத்தகக்காரி மட்டும் கொண்டுவந்து காட்டிவிட்டு, இன்னும் முடியவில்லை, திரும்பவும் எழுதிக்கோங்க டீச்சர் என்றாள். அவள் என்னிடம் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். எழுதிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

நேற்றுப் போனதில் ஒரு படகு திரும்பவில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக் கொண்டு போய்விட்டதாம். பத்து மணிக்கே தெருவில் சத்தம். நாலாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டார்கள், அதில் ஒருத்தி ஆமைப் புத்தகக்காரி.

ஜூன் 20, வெள்ளி

வரவில்லை.

ஜூன் 21, சனி

பேப்பரில் நாலு வரி. பேர் இல்லை, எண்ணிக்கைதான். காவலில் வைக்க உத்தரவாம். எத்தனை நாள் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஜூன் 23, திங்கள்

புத்தகம் வாங்கும் நாள். ஹெச்.எம். டீச்சர் பதிவேட்டைப் பார்த்து, "ஒண்ணு குறையுதே" என்றார். யாருடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாக வாங்கலாம், ஆனால் வாங்கிடுங்க என்றார். நான் போய்க் கேட்க மாட்டேன். வீட்டில் ஆள் இல்லாமல் அடுப்பு எரியாமல் இருக்கிறவர்களிடம் போய் ஆமைப் புத்தகம் எங்கே என்று நான் எப்படிக் கேட்பேன்? இருபது, முப்பது ரூபாய்ப் புத்தகம். நானே வாங்கி வைத்துவிடலாம்தான், ஆனால் இது காசு விஷயம் இல்லை, அவள் இன்னும் அதை முடிக்கவில்லை.

ஜூன் 25, புதன்

வேலைநிறுத்தம், ஒரு படகும் போகவில்லை. தைக்கும் அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார், யாரும் கூப்பிடவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து பேசாமல் தைத்தார். மத்தியானம் மட்டும், "அவன் எனக்கு மச்சான் முறை டீச்சர்" என்றார். அப்புறம் அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அவருக்குப் பட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டே படிக்கவும் செய்தார்கள். "பற" குவியலில் இன்று நாலு போயிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்க்கத்தான் போனேன். வாசலில் தண்ணீர்க் குடங்கள் அப்படியே தள்ளுவண்டியில் இருந்தன. அப்பத்தா, "வா தாயி" என்று பாய் போட்டார். அம்மா தங்கச்சிமடம் போயிருந்தார், மனு கொடுக்க.

நான் எதுவும் கேட்கும் முன்பே அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பயந்துபோய்த்தான் நீட்டினாள். பின் அட்டையின் உள்பக்கம் முழுக்க நீல பேனாவில் எழுத்து. படகு நம்பர், ஒரு வக்கீல் போன் நம்பர், இன்னொரு நம்பர், அதற்குக் கீழே "ஆதார் ஜெராக்ஸ் 2, ரேஷன் கார்டு, போட்டோ". ராத்திரி போன் வந்தபோது கையில் கிடைத்தது அதுதானாம், அம்மா அதில் எழுதிவிட்டாராம். வக்கீல் நம்பர் வேறு எங்கேயும் இல்லை.

"அழிச்சிரவா டீச்சர்?" என்று கேட்டாள்.

வேண்டவே வேண்டாம் என்றேன், அம்மாவிடமே இருக்கட்டும் என்றேன். பக்கம் எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டேன். முடித்துவிட்டாள், இரண்டு தடவை. பாம்பன் பக்கம் இந்த மாதிரி ஆமையை அவள் அப்பா வலையிலிருந்து எடுத்து விட்டிருக்கிறாராம், முதுகு எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டினாள். திங்கள் வருகிறேன் என்றாள். அடுத்து எதைத் தருவது என்று வழியெல்லாம் யோசனை. கடற்பசு இருக்கிறது, ஆனால் அதில் தாயைப் பிரிந்த குட்டி வருகிறது, இப்போது வேண்டாம். வானம் பற்றிய ஒன்று இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

வந்தாள். வானம் எடுக்கவில்லை. கடற்பசுவைத்தான் எடுத்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

லிஸ்ட் வந்துவிட்டது. இன்னும் பார்க்கவில்லை.

ஹெச்.எம். டீச்சர் பதிவேடு கேட்டார். ஆமைப் புத்தகத்துக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது? திரும்பியது, தொலைந்தது, சேதம், மூன்றுதான் இருக்கிறது, மூன்றும் பொய். "வாசகரிடம் உள்ளது" என்று எழுதி, நம்பர் போட்டு, தேதி போட்டுவிட்டேன். அவர் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்தார், யாரிடம் என்று கேட்டார், விஷயத்தைச் சொன்னேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வக்கீல் நம்பரை ஒரு தாளில் தனியாகவும் எழுதி வாங்கிக் கொடுங்க, புத்தகம் மழையில நனைஞ்சா என்ன பண்ணுவாங்க என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. நாளைக்கு இரண்டு பிரதி எழுதி, ஒன்று அவர்கள் வீட்டுக்கு, ஒன்று பீரோவுக்கு. இரண்டாம் வகுப்புக்குக் கிளிப் பற்றவில்லை. முறுக்கு நூலும் தீரப் போகிறது, அண்ணனிடம் சொல்ல வேண்டும்.