முதலில் சிவப்பு: லேசர் புரொஜெக்டருக்கு டையோடு தேர்ந்த கதை

வீட்டில் லேசர் புரொஜெக்டர் (லேசர் கற்றையை வேகமாக ஓடவிட்டுச் சுவரில் உருவம் வரையும் பெட்டி) கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பச்சையைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பளிச்சென்று அடிப்பது அதுதானே. நான் சிவப்பை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் மற்ற இரண்டையும் தொட்டேன். சுத்தமான வெள்ளை வேண்டுமென்றால் சிவப்பு எவ்வளவு கிடைக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பச்சையையும் நீலத்தையும் விட முடியும்.

எல்லாம் நம் கண் செய்கிற வேலை. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு 555 நானோமீட்டர் ஒளிதான் அதிகப் பிரகாசம். அதை 1 என்று வைத்துக்கொண்டால் 520 பச்சைக்கு 0.71, 638 சிவப்புக்குச் சுமார் 0.19, 445 நீலத்துக்கு வெறும் 0.03. பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்தால் கிடைக்கும் சிவப்பு டையோடு (லேசர் ஒளி தரும் சிறு சில்லு) 650, 660 பக்கம் இருக்கும். 650-க்கு 0.107. 660-க்கு 0.061. பத்து இருபது நானோமீட்டர் தள்ளிப்போனாலே பிரகாசம் பாதி, அதற்கும் கீழே என்று இறங்கிவிடுகிறது. மில்லிவாட்டை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது என்பது இதனால்தான்.

கண் நிறத்தை உணரும் விதத்தை எண்களில் தரும் சிஐஇ 1931 அட்டவணையை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, டி65 வெள்ளைக்கு (பகல் வெளிச்சத்தின் வெள்ளை) மூன்று சமன்பாடுகளையும் தீர்த்துப் பார்த்தேன். 520 பச்சை 1 வாட் என்றால் 638 சிவப்பு 1.42 வாட்டும் 445 நீலம் 0.57 வாட்டும் வேண்டும். சிவப்பை 650-க்கு மாற்றினால் 2.4 வாட். 660 என்றால் 4 வாட்டைத் தாண்டிவிடும்! ஓசியில் கிடைத்த டையோடு கடைசியில் எவ்வளவு செலவு வைக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது. மூன்று நிறத்திலும் ஆளுக்கு ஒரு வாட் போட்டால் வருவது வெள்ளையே இல்லை. நீலத்துக்குச் சாய்ந்த ஒரு வெளிறல்.

நீலத்துக்கு 0.03 தானே, வாட் கணக்கில் கொட்ட வேண்டியிருக்குமோ என்று தோன்றும். அப்படியில்லை. பிரகாசத்தில் அதன் பங்கு சொற்பம், நிறத்தை இழுப்பதில்தான் அதன் பலம். ஆபத்தும் அங்கேதான். மங்கலாகத் தெரிகிறதே என்று அலட்சியமாக இருந்தால் விழித்திரை போய்விடும். அரை வாட் நீலம் நாலாம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகை லேசரின் எல்லையில் இருக்கிறது. மூன்று நிறத்தையும் தடுக்கும் கண்ணாடியைப் போட்டால் எதுவுமே தெரியாது. அதனால் கற்றைகளை நேர்ப்படுத்தும் வேலை முழுவதும் மின்னோட்டத்தை முடிந்தவரை குறைத்து, ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் எரியவிட்டு, அதற்கான கண்ணாடியோடுதான். வீட்டில் வேறு யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

சிவப்புக்கு ஓக்லாரோவின் எச்எல்63193எம்ஜி (இப்போது உஷியோ பெயரில் வருகிறது), 638 நானோமீட்டர், 700 மில்லிவாட். இரண்டு வாங்கினேன். பச்சைக்கு நிச்சியாவின் ஒரு வாட் என்டிஜி7475. 532 பச்சை மில்லிவாட்டுக்கு மில்லிவாட் இன்னும் பிரகாசமானது, ஆனால் அது படிகம் வைத்து அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி எடுக்கும் ஒளி. வெப்பம் மாறினால் தள்ளாடும், மங்கலாக்கச் சொன்னால் ஒழுங்காகக் கேட்காது. நீலத்துக்கு அதே நிச்சியாவின் 445. இந்த நீலம் இன்று மலிவு. 2010 வாக்கில் காசியோ எக்ஸ்ஜே-ஏ140 புரொஜெக்டரை உடைத்து, உள்ளே இருந்த 24 நீல டையோடுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்! 465 பக்கம் ஒரு நீலம் போட்டிருந்தால் ஊதா சாயல் இல்லாமல் இன்னும் அழகாக இருக்கும். 4கே டிவிக்கான ரெக் 2020 நிறத் தரநிலையும் 467-ஐத்தான் நீலமாக வைத்திருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

அதிக நேரம் எடுத்தது இரண்டு சிவப்பையும் ஒன்றாக்குவதுதான். துருவமுனைப்பு என்பது ஒளி அதிரும் திசை. அதைப் பார்த்து ஒளியைப் பிரிக்கும் துருவமுனைப்புக் கனசதுரத்தில் ஒரு கற்றை நேரே போகும், மற்றது பக்கவாட்டிலிருந்து வந்து திரும்பிச் சேரும். இதற்கு இரண்டின் துருவமுனைப்பும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். ஒரு டையோடை 90 டிகிரி திருப்பி வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் இந்த டையோடுகளின் புள்ளி வட்டமாக இருக்காது, சிறு கோடாக விழும். டையோடைத் திருப்பினால் கோடும் கூடவே திரும்பி, எதிர்ச் சுவரில் கூட்டல் குறி போல நிற்கும். அரை-அலைத் தகடு ஒன்றை ஒரு கற்றையின் வழியில் வைத்தால் துருவமுனைப்பு மட்டும் திரும்பும், கோடு அப்படியே படுத்திருக்கும். உருளை லென்ஸ் ஜோடி ஒன்றையும் சேர்த்த பிறகுதான் சிவப்புப் புள்ளி பச்சையின் அளவுக்கு ஒடுங்கியது. அதற்கு முன்பு வெள்ளைக் கோடு வரைந்தால் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஜரிகை தெரியும். வாட் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராவிட்டால் வெள்ளை வராது.

கனசதுரம், டைக்ராயிக் கண்ணாடிகள் (ஒரு நிறத்தை விட்டு இன்னொன்றைத் திருப்பி மூன்றையும் சேர்ப்பவை), கால்வோ கண்ணாடிகள் (கற்றையை ஆட்டி வரைபவை) எல்லாம் தாண்டி பவர் மீட்டரில் சிவப்பு 1.2 வாட் காட்டியது. அதற்கு ஏற்றபடி பச்சையை 0.85-க்கும் நீலத்தை 0.48-க்கும் குறைத்தேன். காசு கொடுத்து வாங்கிய பச்சையைக் குறைக்க மனசு வரவில்லைதான்.

வெப்பம் தனிக் கதை. சிவப்பு டையோடு டிகிரிக்குச் சுமார் 0.2 நானோமீட்டர் நீள்கிறது. 25 டிகிரியில் 638 ஆக இருப்பது மூடிய பெட்டிக்குள் 45 டிகிரி ஆகும்போது 642. கண்ணுக்கு அதிலேயே ஆறில் ஒரு பங்கு பிரகாசம் போய்விடும். டையோடு வெளியிடும் ஒளியே குறைவது வேறு. நீலமும் பச்சையும் இவ்வளவு நகர்வதில்லை. அதனால் கொஞ்ச நேரம் ஓடியதும் வெள்ளை மெல்லப் பச்சை-நீலம் பக்கம் சாயும். பெல்டியர் (மின்சாரத்தால் குளிரவைக்கும் தகடு) வைத்து 15 டிகிரிக்கு இறக்கலாமே என்றால், சென்னைப் புழுக்கத்தில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. லென்ஸில் நீர் கோத்துவிடும். 27-இல் நிறுத்தியிருக்கிறேன். வியர்க்கவில்லை, நிறமும் நிற்கிறது.

வெள்ளையைச் சரிபார்க்க, காகிதத்தின் ஒரு பாதியில் 6500 கெல்வின் எல்இடி விளக்கு, மறுபாதியில் வேகமாக ஓடும் லேசர் சதுரம். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தபோது அப்பாவைக் கூப்பிட்டேன். "இந்தப் பக்கம் லேசா ரோஸா இருக்கேப்பா" என்றார். அவரும் சரிதான், நானும் சரிதான். லேசர் வெள்ளை என்பது மூன்றே மூன்று மெல்லிய அலைநீளங்கள். ஆளுக்கு ஆள் கண்ணில் இருக்கும் சிறு வேறுபாடு சாதாரண விளக்கில் கரைந்துவிடும், இதில் அப்படியே தெரியும். அதனால் கண்ணை நம்பி திருகுவதை விட்டுவிட்டு மீட்டர் எண்ணுக்கே திரும்பினேன்.

முழு வெளிச்சத்தில் வெள்ளை கிடைத்துவிட்டது. மங்கும்போதுதான் இன்னும் தகராறு. ஒவ்வொரு டையோடும் வெவ்வேறு மின்னோட்டத்தில்தான் லேசராக எரியத் தொடங்குகிறது. வெள்ளையை மெல்ல அணைத்தால், கடைசிக் கட்டத்தில் சிவப்பு முதலில் விழுந்து, பச்சையும் நீலமும் கொஞ்சம் நீடிக்கின்றன. ஒவ்வொரு டிரைவரிலும் (டையோடுக்கு மின்னோட்டம் தரும் சுற்று) அடிப்படை மின்னோட்டத்தை வைக்கும் பயாஸ் திருகியை, டையோடு லேசராகத் தொடங்குவதற்குச் சற்றுக் கீழே நிறுத்தியதில் பெருமளவு சரியானது. மீதியை மென்பொருளில் நிறத்துக்கு ஒரு வளைகோடு போட்டுத் தீர்க்க வேண்டும். 10 சதவீதம், 25, 50, 100 என்று மீட்டர் அளவுகளை எடுத்து எழுதி வைத்திருக்கிறேன். பச்சையின் வளைகோடு முடிந்தது, நீலமும் சிவப்பும் பாக்கி. அதோடு, கால்வோ நின்றுபோனால் ஒளியை உடனே வெட்டும் பாதுகாப்புச் சுற்றையும் இன்னும் கட்டவில்லை. அது முடியும்வரை பெட்டி இந்த அறையை விட்டு வெளியே போகாது.