பகுதி சபையில் பேசினால் மட்டும் போதாது, பதிவேட்டில் ஏற வேண்டும்

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. பள்ளம் தோண்டிப் போட்டிருப்பதால் வண்டி உள்ளே வராது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. இதற்காக அலைந்த அலைச்சல் அப்படி. எங்கெங்கே மாட்டிக்கொண்டோம் என்பதை மட்டும் எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

தெருத் தண்ணீர் மெயின் ரோட்டுக் கால்வாயில் போய் விழ வேண்டும். அது சேரும் இடம் தூர்ந்துபோய், மழை பெய்தால் சாக்கடையும் கலந்து வாசல்படி ஏறும். மனுவோடு மண்டல அலுவலகம் போனோம். தபால் பிரிவில் இருந்தவர் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை. "அது ஹைவேஸ் ரோடுங்க, அங்க குடுங்க" என்று காகிதத்தை எங்கள் பக்கமே தள்ளினார். நெடுஞ்சாலைத் துறைக்குப் போனால், "ரோடுதான் எங்களுது, வடிகால் மாநகராட்சி பாக்கணும்" என்றார்கள். இரண்டு பேரும் எழுத்தில் ஒரு வரி தரவில்லை. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். மனுவைத் திருப்பித் தந்தால் வாங்காதீர்கள். நகலில் சீலும் தேதியும் கேளுங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

முடிச்சை அவிழ்த்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு விண்ணப்பம். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் சுற்றி வளைத்துத்தான் பதில் வரும். அந்தக் கால்வாயைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கான ஆவண நகலைக் கேட்டோம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம். பிரிவு 6(3)படி அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. வந்த பதிலில் கால்வாய் மாநகராட்சிக்குச் சொந்தம் என்று தெளிவாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எப்போது கூப்பிட்டாலும் போனை எடுப்பது அவர் கணவர். "என்கிட்ட சொன்னா அவங்ககிட்ட சொன்ன மாதிரிதான்" என்பார். எதிர்வீட்டு அக்கா விடவில்லை. "சார், நாங்க ஓட்டுப் போட்டது மேடத்துக்குத்தானே, அவங்ககிட்டயே பேசறோம்" என்று உட்கார்ந்துவிட்டார். மேடம் வெளியே வந்து பதிலைப் படித்தார். எந்தப் பக்கம் மேடு, எந்த வீட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. "மன்றத்துல நானே பேசறேன், ஆனா பகுதி சபையில வச்சு அனுப்புங்க, அப்பத்தான் பலம்" என்று வழியும் சொன்னார். இதை முதலிலேயே அவரிடம் சொல்ல விட்டிருந்தால் எத்தனை நாள் மிச்சமாகியிருக்கும்!

கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்குப் பகுதி சபை. தமிழ்நாட்டில் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பகுதி வாக்காளர் யாரும் போய்ப் பேசலாம். ஆனால் கூட்டம் நடப்பதே பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் முந்தின நாள்தான் காதில் விழுந்தது. வார்டு அலுவலகத்தில் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருங்கள்.

கூட்டத்தில் எல்லோரும் நன்றாகவே பேசினோம். முடிந்ததும் பதிவேட்டை எட்டிப் பார்த்த அக்கா அதிர்ந்துபோனார். இவ்வளவு பேச்சுக்கும் ஒரே வரி: "சுகாதாரப் பணிகள் குறித்து விவாதிக்கப்பட்டது." தெருப் பெயர் இல்லை, வடிகால் என்ற சொல்லே இல்லை. இந்த வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார்? கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றோம். எழுதியவர் முகம் சுளித்தார், "டைம் ஆச்சும்மா" என்றார். கவுன்சிலர் அம்மாதான் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, தெருப் பெயர், எங்கிருந்து எதுவரை, எதில் இணைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அப்புறம்தான் கையெழுத்து. அந்தப் பக்கத்தை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம்.

வார்டு கமிட்டி, மன்றத் தீர்மானம், டெண்டர் எல்லாம் மெதுவாக, ஆனால் தடங்கல் இல்லாமல் நடந்தன. தீர்மான நகலையும் எஸ்டிமேட் நகலையும் கேட்டு வாங்கி வைத்தோம். அது போன வாரம் கைகொடுத்தது. ஒப்பந்ததாரரின் ஆட்கள் மெயின் ரோட்டுக்குச் சில வீடுகள் முன்னாலேயே வேலையை முடிக்கப் பார்த்தார்கள். இவ்வளவுதான் ஆர்டர் என்றார்கள். நகலை நீட்டியதும் உதவிப் பொறியாளருக்குப் போன் போனது. அவர் நேரில் வந்து டேப் பிடித்து அளந்து, மீதித் தூரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். நேற்று அந்தக் கோடுவரை தோண்டி முடித்துவிட்டார்கள்.