தூறல் விழுந்த சயனோடைப் அச்சு

ரசாயனம் பூசிய தாளில் வெயில் பட்ட இடம் நீலமாகவும் நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவும் நிற்கும் அச்சுதான் சயனோடைப். அதைப் பழக ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ஒரே குறிதான்: ஆழ்ந்த நீலத்தில் இலை வெள்ளை வெளேரென்று விழ வேண்டும். கலவை பழைய கணக்கு. 100 மில்லி தண்ணீருக்கு ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், இன்னொரு புட்டியில் அதே அளவு தண்ணீருக்குப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். சமமாகக் கலந்து வாட்டர்கலர் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, இலையை வைத்துக் கண்ணாடியால் மூடி மொட்டை மாடியில் வைப்பேன்.

போன வாரம் முருங்கை இணுக்கு வெயிலில் இருக்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் இறங்கிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அலசிப் பார்த்தேன். தண்ணீர் தேங்கிய இடம் வெளிறி, அதன் விளிம்பில் மட்டும் நீலம் கோடுபோல அடர்ந்திருந்தது. இணுக்கின் நிழலுக்குள் லேசான பச்சை கலந்த நீலம், இலைகளைச் சுற்றிப் புகைமூட்டம். அதுவரை நான் எடுத்த அச்சுகளில் இலையின் வடிவம் இருந்தது. இதில்தான் முதல்முறையாக ஆழம் தெரிந்தது.

இந்த நீலத்தின் பிறப்பே அப்படித்தான். 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு எடுக்கப் பார்த்தார். டிப்பெல் என்பவரிடம் வாங்கிய பொட்டாஷில் (சாயத்துக்குச் சேர்க்கும் பொட்டாசியம் உப்பு) விலங்கு எண்ணெயின் மிச்சம் கலந்திருந்தது. சிவப்புக்குப் பதில் நீலம் வந்தது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம்: பொட்டாஷில் என்ன இருந்தது என்று துருவியதால்தான் மறுபடியும் அதே நீலத்தைச் செய்ய முடிந்தது. 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் அந்த நீலத்தை வெயிலிலேயே தாளில் உண்டாக்கினார். அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அதில் அச்செடுக்கத் தொடங்கிவிட்டார்.

நானும் துருவினேன். ஈரத்தில் உப்புகள் கரைந்து நகர்வதால் நிழலுக்குள்ளும் நீலம் கசிகிறது, அவ்வளவுதான். ஆனால் தூறலைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. தெளிப்பானால் தாள் முழுக்க அடித்தால் எல்லாம் குழம்பிப் போகிறது. இலையின் அடிப்பக்கத்தை மட்டும் நனைத்து, ஓரத்தில் விரலால் நாலைந்து சொட்டு வைத்தால் கிட்டத்தட்ட அந்த விளிம்புக்கோடு வருகிறது. கால்மணி நேர வெயில் இதற்குப் போதாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுகிறேன். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்தபோது நீலம் இன்னும் இறுகி வந்தது.

அந்தப் பச்சைச் சாயல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இலைச்சாறு இறங்கியிருக்குமோ என்று சந்தேகம். அடுத்த தாளில் ஒரு பாதிக்கு வாடிய இணுக்கு, மறுபாதிக்கு அப்போதே ஒடித்தது.