அப்பாவின் மூச்சும் இரண்டு ஸ்கேனும்

அப்பாவுக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தது. ஆக்சிஜன் வைக்காமலே தேறிவிட்டார், நாங்களும் பெரிதாகப் பயப்படவில்லை. ஆனால் ஓணம் கழிந்த பிறகும், குலசேகரம் பக்கத்தில் விடியுமுன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு 300 ரப்பர் மரம் பால் வெட்டுகிற மனுசன் முப்பதாவது மரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். "மக்களே, மூச்சு உள்ள போவுது, ஆனா பத்தல" என்பார்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, வயசாச்சில்லா என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் நாகர்கோவிலில் ஒரு டாக்டர்தான், எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்த அதே கட்டிலில் நுரையீரலையும் அதே மாதிரி ஒலி அலை ஸ்கேன் பண்ணினார். முன்னால், பக்கவாட்டில், முதுகில் என்று விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி 12 இடங்களில் பார்த்தார். காற்று நிறைந்த நல்ல நுரையீரலுக்குள் ஒலி இறங்காது, மோதித் திரும்பிவிடும், திரையில் குறுக்குக் கோடுகள்தான் தெரியும். அப்பாவின் முதுகில் கீழே வைத்தபோதோ வெள்ளைக் கோடுகள் மேலிருந்து அடிவரைக்கும் இறங்கின, இருட்டுத் தோட்டத்தில் ஹெட்லைட் அடிக்கிற மாதிரி. அதுதான் பி லைன். ஒரு விலா இடைவெளியில் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டுமாம்.

இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் இந்தக் கோடு வரும், கொரோனா விட்டுப்போன தழும்பாலும் வரும், ஆனால் வைத்தியம் வேறு வேறு. அதனால்தான் எக்கோவும் கூடவே வேண்டும். அப்பாவின் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 60 சதவீதம், அது சரியான அளவுதான், வலது பக்கம் பெரிதாகவில்லை, சுற்றிலும் நீர் இல்லை, அழுத்தமும் சரி. நுரையீரல் உறையின் கோடு மட்டும் வழவழப்பாக இல்லாமல் அங்கங்கே உடைந்து தெரிந்தது. அப்போ கோளாறு நுரையீரலில்தான்.

கதிர்வீச்சு இல்லாததால் இந்த நுரையீரல் ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். ஓரத்தைத்தான் காட்டும், ஆழத்தில் இருப்பதற்கு சிடி ஸ்கேன் வேண்டும். இன்னொன்று, இரண்டு ஸ்கேனும் சுத்தமாக வந்துவிட்டால் மூச்சு முட்டுகிறவர் பொய் சொல்கிறார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 6 நிமிடம் நடக்கவிட்டு ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். அப்பா கழுத்தைத் திருப்பித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எத்தன கோடு மக்களே?"

முதுகில் ஒன்றே ஒன்று. மறுநாள் 120 மரம் வெட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.