கைக்குழந்தையின் கண் வீக்கம்: லேப் மேசையிலிருந்து

கடலூரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சர்க்கரை, தைராய்டு, மழைக்காலமானால் டெங்கு என்றுதான் பொழுது போகும். கைக்குழந்தையின் சீட்டில் 'கண் வீக்கம்' என்று எழுதி சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) கேட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

குழந்தைக்குக் கண் வீங்கினால் வீட்டில் முதல் பழி மைக்கு. அப்புறம் கொசு, எறும்பு. பாட்டிமார் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஒவ்வாமை, பூச்சிக்கடி, கண்ணைச் சுற்றி வரும் தொற்று, இவைதான் அதிகம். அவை சிகிச்சைக்கு வற்றிவிடும். வற்றாமல் விழி முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாலோ, அடிபடாமலே இமை கன்றிப்போனாலோ கதை வேறு.

அப்படி ஒரு குழந்தை வந்தது. ஒரு வயதுகூட ஆகவில்லை. இடது கண் பாதிதான் திறந்தது. நரம்பு தேடக் கையை விரித்துப் பிடித்தபோது உள்ளங்கை வெளிறிக் கிடந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தியும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைவு என்று அப்போதே தோன்றிவிட்டது.

மெஷினில் வெள்ளணு லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பகுதியை லிம்போசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) என்று போட்டு, பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறியும் காட்டியது. இங்கேதான் ஏமாறும் இடம். இந்த வயதுக் குழந்தைகளுக்கு லிம்போசைட் இயல்பாகவே அதிகம். அதனால் ஸ்லைடு போட்டே ஆக வேண்டும். லீஷ்மன் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸில் பார்த்தால், பெரிய பெரிய செல்கள். செல் முழுவதையும் அடைத்த உட்கரு, ஓரத்தில் மெல்லிய நீலம். பிளாஸ்ட், அதாவது முதிராத ரத்த அணு. மெஷின் லிம்போசைட் என்று எண்ணியது இவற்றைத்தான். உடனே பெத்தாலஜிஸ்ட் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, ரிப்போர்ட்ல என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டார். "டாக்டர் பார்த்துச் சொல்லுவாரும்மா" என்றேன். இந்த வேலையில் கஷ்டமான வாக்கியம் அதுதான். அன்றே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது இருக்கும் கோரிமேட்டுக்கு இங்கிருந்து பஸ் தூரம்தான். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் ஏஎம்எல் வகை லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) என்று உறுதியானதாகப் பிறகு தெரிந்தது.

மஜ்ஜையில் பெருகும் அந்த செல்கள் கண்குழிக்குள் கட்டியாகச் சேர்வதை மைலாய்டு சார்கோமா என்கிறார்கள். சில குழந்தைகளுக்குக் கட்டி முதலில் வரும், ரத்தம் பிறகுதான் மாறும். ஆகவே சிபிசி சரியாக இருந்தும் வீக்கம் வற்றாவிட்டால், ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவைப்படலாம். நியூரோபிளாஸ்டோமா என்ற வேறொரு புற்றுநோயிலும் கண்ணைச் சுற்றிக் கன்றும். அதையும் டாக்டர்கள் மனதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் தருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சிரப். லுக்கேமியாவில் இன்னொரு வகையான ஏஎல்எல்லுக்கு ஸ்டீராய்டே சிகிச்சை மருந்துகளில் ஒன்று. கண்டுபிடிக்கும் முன்பே கொடுத்தால் வீக்கம் தற்காலிகமாக இறங்கும், பிளாஸ்டும் குறையும், ஸ்லைடில் நாங்கள் தேடுவதே மறைந்துபோகலாம். இப்போதெல்லாம் கண் வீக்கத்தோடு வரும் குழந்தைக்கு ஊசி போடுவதற்கு முன் "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டு, பதிலை டாக்டர் கண்ணில் படும்படி சீட்டின் மேலேயே எழுதிவிடுகிறேன்.