ஒரு புத்தகம், அறுநூறு பிரதிகள்

புத்தக வரலாறு என் துறை என்றதும் பலரும் கேட்பது இதுதான்: "எல்லாம் ஸ்கேன் ஆகி இணையத்தில் கிடக்கிறதே, இன்னும் எதற்கு ஊர் ஊராக நூலகங்களுக்கு அலைகிறீர்கள்?" நிதிக்கு விண்ணப்பித்தால் தேர்வுக் குழுவும் இதையேதான் கேட்கும், கொஞ்சம் மரியாதையாக.

நான் சொல்லும் பதில் கோப்பர்நிக்கஸ். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லி, 1543இல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் அச்சான அவர் நூலை யாருமே படிக்கவில்லை என்று எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் எழுதிவைத்தார். 1970இல் வானியலாளர் ஓவன் கிங்கெரிச் எடின்பரோவில் ஒரு பிரதியைப் புரட்டினால், ஓரமெல்லாம் குறிப்பு. எழுதியவர் எராஸ்மஸ் ரைன்ஹோல்ட், அந்தக் காலத்தின் முன்னணி வானியல் ஆசிரியர். கிங்கெரிச் அத்தோடு விடவில்லை. 1566இல் பாசலில் வந்த இரண்டாம் பதிப்பையும் சேர்த்துச் சுமார் அறுநூறு பிரதிகளைத் தேடிப் பார்த்து, 2002இல்தான் பட்டியலை வெளியிட்டார். இன்றைய பதவி உயர்வுக் கணக்கில் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைக்குமோ!

1616இல் ரோமின் கத்தோலிக்கத் திருச்சபை அந்த நூலைத் திருத்தும்வரை நிறுத்திவைத்தது. 1620இல் திருத்த வேண்டிய இடங்களை அறிவித்தது. ஆணையை மட்டும் படிப்பவர், கத்தோலிக்க நாடெங்கும் பிரதிகளில் அந்த இடங்களை அடிக்கப் பேனா ஓடியிருக்கும் என்றுதான் நினைப்பார். ஆனால் இத்தாலியில் இருந்த பிரதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் திருத்தம் உண்டு. ஸ்பெயினில் அநேகமாக இல்லை. அங்கே திருச்சபையின் மத விசாரணை மன்றமும் தனி, தடைசெய்த நூல்களின் பட்டியலும் தனி. கலிலேயோவும் தன் பிரதியில் அடித்திருக்கிறார், சரி. ஆனால் அடித்த எழுத்தை வாசிக்க முடிகிற அளவுக்கு மெல்லிசாக.

ஒரு பிரதியின் ஸ்கேனை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்க முடியாது. மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டு பேருடைய மை ஒன்றுபோலவே தெரியும். முந்தைய உரிமையாளரின் பெயரைச் சுரண்டியிருந்தால், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தடம் எழும்பும். (வெள்ளைக் கையுறை பெரும்பாலும் சினிமாவில்தான். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும்; கையுறையோடு புரட்டினால் தாள் ஓரம் கிழியும்.)

இப்போது ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று வருட ஒப்பந்தம்தான். அதற்குள் முடிய வேண்டுமென்றால் ஸ்கேன் ஆன நூல்களில்தான் கைவைக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இப்படியே போனால், எந்த நூலகத்திடம் ஸ்கேன் செய்யப் பணம் இருந்ததோ, அதன் அலமாரியில் இருப்பவர்கள் மட்டுமே 16ஆம் நூற்றாண்டின் வாசகர்கள் என்று ஆகிவிடும்.